நாலாவது கட்டம்

குற்ற வழக்கு நடத்துகிற வக்கீலின் புத்தகத்தில் அழுக்கேறி, ஓரம் கிழிந்து கிடப்பவை நடைமுறைச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பக்கங்கள். ஆறு கட்டங்கள்: பிரிவு எண், குற்றம், தண்டனை, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாமா, ஜாமீன் உரிமையா கோர்ட்டின் தயவா, எந்தக் கோர்ட் விசாரிக்கும். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்து எண்களெல்லாம் இடம் மாறின. கட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. சட்டக் கல்லூரியில் மூன்றாவது கட்டத்தை மனப்பாடம் பண்ணச் சொல்வார்கள். கூடலூர், ஊட்டி கோர்ட்டுகளில் தொழில் பழகியவர்களுக்கு நாலாவதுதான் பெரிது. அதில் ‘ஆம்’ என்றிருந்தால் அன்று ராத்திரியே ஆளைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் உட்கார வைக்கலாம். ‘இல்லை’ என்றிருந்தால், ஒரு மனு ரசீதைக் கையில் கொடுத்து, கோர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடலாம். பல வருஷம் வாய்தாவுக்கு அலைந்து கடைசியில் விடுதலையாகிறவரும் தன் தண்டனையை அந்த முதல் ராத்திரியிலேயே அனுபவித்து முடித்திருப்பார்.

இந்த அட்டவணைக்குள் வராமலே போகிற காரியங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். ஒருவருக்கு நட்டம் வருகிறது; அதை ஏற்படுத்தியவரைப் போலீஸ் பிடிக்குமா, இல்லை நோட்டீஸ் விட்டு, ஸ்டாம்பு கட்டி, சிவில் கோர்ட்டில் பல வருஷம் நடக்க வேண்டுமா? கொலையா திருட்டா என்று பிரிப்பதைவிட ஆழமான வகைப்பாடு இது. இந்தக் கோடு செயலின் கொடுமையைப் பார்த்துப் போடப்பட்டது என்று பாடப்புத்தகம் சொல்லும். நீலகிரியில், அதிலும் நடுவட்டத்திலிருந்து கூடலூர் வரை இறங்குகிற சரிவில் நடந்த, நடக்கிற வழக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. நட்டம் யாருக்கு என்பதைப் பார்த்துத்தான் அந்தக் கோடு பெரும்பாலும் போடப்பட்டிருக்கிறது.

நடுவட்டம் இதற்குத் தோதான ஊர். ஊட்டியிலிருந்து கூடலூர் போகிற சாலையில் இன்று டீ தூள் வாங்க நிற்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிற பழைய சிறை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசாங்கச் சிங்கோனாத் தோட்டத்தோடு சேர்ந்து இயங்கியது. மலாக்கா நீரிணைப் பகுதியின் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சிறைகள் நிரம்பி வழிந்ததால் அங்கிருந்து சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதி நீலகிரிக்கு வந்து, கொய்னா மருந்துக்கான மரங்களை நட்டுப் பராமரிக்கிற வேலையில் இறக்கப்பட்டது. தண்டனை முடிந்து சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவே காய்கறியும் காப்பியும் பயிர் செய்து, தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்த அவர்களை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார். சரி, குற்றவாளிகள் நட்ட மரங்கள். அந்த மரங்கள் எப்படி வந்தன? 1860-இல் பெரு நாட்டின் கரவாயா மலைகளில் பிரிட்டிஷ் அரசுக்காக கிளமெண்ட்ஸ் மார்க்கம் சிங்கோனா நாற்று சேகரித்தபோது உள்ளூர் அதிகாரிகள் அவரை மறிக்கப் பார்த்தார்கள்; அவர் வேறு வழியாகக் கடற்கரைக்கு இறங்கினார். அவருக்காக ரிச்சர்ட் ஸ்புரூசும் ராபர்ட் கிராசும் எக்வடாரில் சேகரித்த சிவப்புப் பட்டை நாற்றுகள் 1861 தொடக்கத்தில் கப்பலேறின. அதே வருஷம் எக்வடார் அரசு அந்த ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சில மாதம் பிந்தியிருந்தால் அதே நாற்று, அதே பெட்டி, அதே கப்பல், ஆனால் கடத்தல். பொலிவியாவில் ஆங்கில வியாபாரி சார்லஸ் லெட்ஜருக்காக விதை சேகரித்த மனுவேல் இன்க்ரா மமானி என்ற பழங்குடி மனிதர் பிடிபட்டு, சிறையில் வாங்கிய அடியால் இறந்தார் என்பது அந்த மரத்தின் வரலாற்றில் எழுதப்பட்டிருக்கிறது. மார்க்கம் பிற்பாடு சர் கிளமெண்ட்ஸ் ஆனார். கொய்னா பல உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பயன் பெரிது என்பதற்காக ஒரு செயல் குற்றப் பட்டியலிலிருந்து வெளியே நிற்க முடியும் என்பதைத்தான் இங்கே குறித்துக்கொள்கிறேன். அந்தச் சலுகை விதை பொறுக்கியவருக்குக் கிடைக்கவில்லை.

இதைவிட வலுவான சாட்சி முன்பணம். தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு மைசூர்ப் பக்கமிருந்தும் கோவை, சேலம் சமவெளியிலிருந்தும் ஆள் கொண்டுவந்தவர்கள் மேஸ்திரிகள். தோட்டத் துரை மேஸ்திரிக்குப் பணம் கொடுப்பார். மேஸ்திரி கூலிக்காரருக்கு முன்பணம் கொடுத்து மலையேற்றுவார். குளிர், காய்ச்சல், மேஸ்திரியின் கணக்கு, இதில் எது தாங்காவிட்டாலும் கூலிக்காரர் இறங்கி ஓடிவிடுவார். கடன் வாங்கித் திருப்பித் தரவில்லை என்பதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை. எந்த வியாபாரியும் இதற்குச் சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ஆனால் 1859-ஆம் வருஷத்து 13-ஆவது சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைக் கைவிட்ட தொழிலாளியை மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வழி செய்தது. பணத்தைக் கட்டு அல்லது வேலையை முடி என்று உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கூலி தராத முதலாளிக்கு இந்தச் சட்டத்தில் ஒரு நாள் சிறையும் கிடையாது. கல்கத்தா வியாபாரிகளின் வற்புறுத்தலில் பிறந்த சட்டம் இது. முதலில் மாகாணத் தலைநகரங்களுக்கு, பிறகு தோட்டப் பகுதிகளுக்கு. 1903-இல் சென்னை மாகாணம் தோட்டத் தொழிலாளிகளுக்கென்றே தனிச் சட்டமும் போட்டது. 1860-இன் தண்டனைச் சட்டத்திலும் வேலை ஒப்பந்தத்தை மீறுவதற்கு மூன்று பிரிவுகள் இருந்தன: 490, 491, 492. 1925-இல் போட்ட ரத்துச் சட்டம் 1859 சட்டத்தையும் 490, 492 பிரிவுகளையும் எடுத்தது. 491 மட்டும், ஆதரவற்றவரைக் கவனிக்க ஒப்புக்கொண்டு கைவிடுவது என்ற வடிவில், இன்றும் புதுச் சட்டத்தில் வேறு எண்ணோடு இருக்கிறது. எந்த வக்கீலும் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

அப்புறம் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976. முன்பணத்தைக் காட்டி ஆளை வேலையில் பிடித்து வைப்பதும், அப்படிப் பிடித்து வைக்க முன்பணம் கொடுப்பதும் இதில் குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். நாலாவது கட்டத்தில் ‘ஆம்’. அதே மலை, அதே முன்பணம், அதே இரண்டு பேர். 1859-இல் ஓடியவர் குற்றவாளி. 1976-இல் பிடித்து வைத்தவர் குற்றவாளி. பணத்தின் இயல்பு மாறவில்லை, ஏமாற்றத்தின் அளவும் மாறவில்லை. வாக்குச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்பது மாறியிருந்தது.

இங்கே என்னைப் போன்றவர்களே எழுப்புகிற ஆட்சேபம் ஒன்று உண்டு. சட்டம் எதைத் தண்டிக்கிறதோ அதுதான் குற்றம், கோர்ட் தண்டித்தவர்தான் குற்றவாளி, மற்றதெல்லாம் அறச்சீற்றம். 1947-இல் அமெரிக்காவில் குற்றவியலாளர் பால் டாப்பன் இதைத்தான் வாதித்தார். அவர் குறி வைத்தது சமூகவியலாளர் எட்வின் சதர்லாந்தை. 1939-இல் ஒரு தலைமையுரையில் சதர்லாந்து வெள்ளைக் காலர் குற்றம் என்ற கருத்தை வைத்து, பெரிய கம்பெனிகளின் மீறல்கள் வாரியங்களிலும் ஆணையங்களிலும் முடிந்துபோவதால் குற்றக் கணக்கில் ஏறுவதே இல்லை என்றார். பிறகு எழுபது கம்பெனிகளை ஆராய்ந்து 1949-இல் புத்தகம் போட்டபோது, அந்தக் கம்பெனிகளின் பெயர்களையே எடுத்துவிட வேண்டியதாயிற்று. முழுப் பதிப்பு 1983-இல்தான் வந்தது. டாப்பன் சொல்வது தொழில் நடத்துவதற்குச் சரியான விதி. கட்சிக்காரரைக் காப்பாற்ற எனக்கு அதுதான் கவசம். எழுதப்படாத குற்றத்துக்கு ஒருவரை உள்ளே வைக்க ஆரம்பித்தால் முதலில் மாட்டப்போவது நடுவட்டத்து ஏழைதான். ஆனால் கோர்ட்டுக்குள் ஒருவரைக் காக்கிற விதி, கோர்ட்டுக்கு வெளியே கோடு சரியாகப் போடப்பட்டதா என்ற கேள்விக்கு விடையாகாது. 1859 சட்டம் அமலில் இருந்த வருஷங்களில் மூன்று மாதம் உள்ளே போனவர் டாப்பன் கணக்கில் அசல் குற்றவாளி. அவர் கூலியை விழுங்கிய மேஸ்திரி யோக்கியர்.

அது வெள்ளைக்காரன் காலம் என்று அடுத்த ஆட்சேபம் வரும். ஏட்டில் அது பழைய காலம்தான். 1976 சட்டத்தில் பதிவாகிற வழக்குகளை விட, முன்பணம் வாங்கிவிட்டு வராமல் போன தொழிலாளி மேல், பழைய மோசடிப் பிரிவின் பெயரில், ‘420’ என்று எழுதித் தருகிற புகார்களைத்தான் தொழிலில் இருப்பவர்கள் அதிகம் காண்கிறோம். வெறும் ஒப்பந்த மீறல் மோசடி ஆகாது, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஹிருதய ரஞ்சன் வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதற்குப் பின்னும் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. இத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே புகார்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று காட்டுகிறது. இதன் மறுபக்கத்தைப் பாருங்கள். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவருக்கு கிராஜுவிட்டி வரவில்லை. 2025 வரை அமலில் இருந்த 1972 சட்டத்தில் இதற்கும் சிறைத் தண்டனை எழுதித்தான் இருந்தது. ஆனால் பதினோராவது பிரிவு, அரசாங்கமோ அதன் அதிகாரம் பெற்றவரோ புகார் கொடுத்தால் தவிர எந்தக் கோர்ட்டும் வழக்கை எடுக்கக் கூடாது என்றது. அந்த அம்மாவால் ஸ்டேஷனுக்குப் போக முடியவில்லை, மாஜிஸ்டிரேட்டிடமும் போக முடியவில்லை. தொழிலாளர் துறை அலுவலகத்தில் படிவம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கத்தான் முடிந்தது. சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தைக் கட்டாத முதலாளி நம்பிக்கை மோசடி செய்தவராகக் கருதப்படுவார் என்று தண்டனைச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது, அதில் எஃப்.ஐ.ஆர். போடவைக்க ஒரு யூனியன் படுகிற பாட்டைப் பார்த்தால் அந்த விளக்கத்தை எழுதியவருக்கே அலுப்பு வரும். ஆக, குற்றம் என்று எழுதுவதோடு வகைப்பாடு முடிவதில்லை. கதவை யார் திறக்கலாம் என்பதில்தான் பாதி இருக்கிறது.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். நட்டம் முதலாளி பக்கம் இருந்தால் குற்றம், தொழிலாளி பக்கம் இருந்தால் சிவில் என்று ஒரே வாய்ப்பாடாக இதை ஆக்கிவிட முடியாது. செக் மோசடி வழக்கு கடன் வசூலைக் குற்ற வழக்காக்கியது. 1989 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிற அந்த 138-ஆம் பிரிவால் ஊட்டி மார்க்கெட்டில் காய் ஏற்றி அனுப்பி ஏமாந்த சிறு விவசாயியும் பயன்பட்டிருக்கிறார். அவருக்கும் இது சிவில் வழக்கை விடச் சீக்கிரம். ஆனால் அதே பிரிவை வைத்துக்கொண்டு வெற்றுச் செக்கில் கையெழுத்து வாங்கி வட்டிக்கு விடுபவர்தான் கோர்ட்டில் அடிக்கடி கண்ணில் படுகிறார்.

அடுத்தது விறகு. மலைவாசஸ்தலத்து மாஜிஸ்டிரேட் கோர்ட்டுக்கு வருகிற வன வழக்குகளில் மரக் கடத்தலும் வேட்டையும் தலைப்புச் செய்தியாகும். எண்ணிக்கையில் அதிகமாக இருக்கிற சில்லறைக் காரியங்கள் கோர்ட் வாசலையே மிதிப்பதில்லை. அவை ரேஞ்ச் ஆபீசில் ‘இணக்கக் கட்டணம்’ கட்டி முடிகின்றன. அந்தத் தாளை ஒரு முறை நிதானமாகப் படித்தால் போதும். காப்புக்காட்டின் பெயர், பிடித்த இடம், ஒரு தலைச்சுமை விறகு, ஒரு கொடுவாள், குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி, கீழே கைநாட்டு. வக்கீல் கிடையாது, சாட்சி விசாரணை கிடையாது, மேல்முறையீடும் நடைமுறையில் கிடையாது. ‘ஃபைன் கட்டியாச்சு’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குத் தான் ஒரு குற்றத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது தெரியாது. அடுத்த முறை பிடிபடும்போது பழைய தாளும் மேசைக்கு வரும். இதற்கெல்லாம் ஆதாரம் 1882-ஆம் வருஷத்துச் சென்னை வனச் சட்டம், இன்றைய பெயரில் தமிழ்நாடு வனச் சட்டம். அதற்குச் சுமார் நாற்பது வருஷம் முன்பு, 1841-இல், ஜெர்மனியின் ரைன் மாகாணத்தில் காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதையும் திருட்டாக்குகிற சட்ட விவாதம் நடந்தது. இளம் பத்திரிகையாளராக இருந்த கார்ல் மார்க்ஸ் 1842-இல் அதை எதிர்த்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். மரம் வெட்டுவதும் சுள்ளி பொறுக்குவதும் ஒரே தலைப்பில் போனால் நட்டக் கணக்கு பார்க்கிறவர் காட்டு உரிமையாளர் மட்டும்தான் என்பது அந்தக் கட்டுரைகளின் சாரம். நம் 1882 சட்டத்திலும் காப்புக்காட்டுக்குள் மாட்டை விடுவதும் மரத்தை வெட்டுவதும் பக்கத்துப் பக்கத்து உட்பிரிவுகள்.

2006 வன உரிமைச் சட்டம் இதில் பாதியைத் திருப்பிப் போட்டது. தேன், சுள்ளி, மூங்கில், பிரம்பு போன்ற சிறு வன மகசூலைச் சேகரிப்பது காட்டுநாயக்கர், பணியர், குறும்பர், இருளர் போன்ற பழங்குடிகளுக்கு உரிமை என்று அது அங்கீகரித்தது. பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது எழுபத்தைந்து வருஷம், அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். இலங்கைத் தோட்டத் தமிழரை இங்கே அழைத்துக்கொள்ள வகை செய்த சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களை டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களில் அரசே குடிவைத்தது அதற்குப் பிறகு. அவர்களால் எழுபத்தைந்து வருஷத்தை எப்படியும் காட்ட முடியாது. எனவே நடுவட்டம் பக்கத்தில் ஒரே பாதையில் ஒரே சுள்ளிக்கட்டோடு இரண்டு பெண்கள் வந்தால், ஒருவருக்கு அது உரிமை, மற்றவருக்கு அது குற்றம். இதில் பழங்குடியின் உரிமையைக் குறைக்கச் சொல்லவில்லை. அந்த இன்னொரு பெண்ணுக்கு சிவில் பொறுப்போ எச்சரிக்கையோ இல்லாமல் நேராகக் குற்றப் பட்டியல்தானா என்பதே கேள்வி.

பயம் இல்லாவிட்டால் காடு நிற்குமா என்று வனத்துறை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1972 வன உயிரினச் சட்டம் இல்லாமல் முதுமலையில் இன்று இத்தனை புலி இருந்திருக்காது என்றே நானும் நம்புகிறேன். ஆனால் சோலைக்காட்டை அதிகம் அழித்தது தலைச்சுமை அல்ல. சிங்கோனாவுக்கும் தேயிலைக்கும் காடு கழித்தது அரசாங்கமும் கம்பெனிகளும். அது வளர்ச்சி என்ற தலைப்பில் போயிற்று. கூடலூர் ஜன்ம நிலங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பரம்பரை நில உடைமையாளரான நிலம்பூர் கோவிலகத்திடம் குத்தகைக்கு வாங்கிய எஸ்டேட்டுகளின் உரிமை என்ன என்பதை 1969 ஜன்ம ஒழிப்புச் சட்டம் தீர்க்கப் பார்த்தது. அந்தத் தகராறு 1972-இல் உச்ச நீதிமன்றம் போய், 1974-இல் ஒன்பதாவது அட்டவணைக்குள் ஏறி, 2007 ஜனவரி 11 அன்று கோயலோ வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பற்றித் தீர்ப்பெழுதுகிற அளவுக்கு வளர்ந்தது. காடு யாருடையது, எது காடு என்று 1996 டிசம்பர் 12 உத்தரவில் இந்தியா முழுவதற்கும் விளக்கம் தந்த கோதவர்மன் வழக்கும் இந்தச் சரிவிலிருந்து கிளம்பியதுதான். பெரிய குத்தகைதாரருக்கு இது சொத்துரிமை குறித்த கேள்வி. அந்த ஜன்ம ஒழிப்புச் சட்டத்தின் ‘செக்‌ஷன் 17’ நிலத்தில் அரை ஏக்கர் வைத்திருப்பவர் புதரை வெட்டினால் அது வனக் குற்றம். அவருடைய சொத்துரிமைக் கேள்வியைக் கேட்க எந்த அமர்வும் கூடவில்லை. காட்டுக்கு நட்டம் என்பதுதான் அளவுகோல் என்றால் கொடைக்கானலையும் சேர்த்துப் பாருங்கள். பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001-இல் மூடப்பட்டது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி சமரசம் செய்து பணம் கொடுத்தது. சோலைக்குள் போன பாதரசத்துக்காக ஒரு கைநாட்டுத் தாள் எழுதப்பட்டதாக நான் கேள்விப்படவில்லை.

கொலை எங்கேயும் கொலைதானே, அதில் வகைப்பாட்டுக்கு என்ன வேலை என்றும் ஒரு வாதம் இருக்கிறது. அங்கேயும் இருக்கிறது. போபால் விஷவாயு வழக்கில் குற்றமுறு மரணம் என்று வைத்த குற்றச்சாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றம் கவனக்குறைவால் மரணம் என்ற 304ஏ-க்கு இறக்கியது. 2010 ஜூன் 7 அன்று கிடைத்த தண்டனை இரண்டு வருஷம். மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில் லாரியைக் கவிழ்த்த டிரைவருக்கு அப்போது போட்ட அதே பிரிவு.

கோடு இப்போது மறுபடி நகர்ந்துகொண்டிருக்கிறது. 2023 ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களில் 183 விதிகளைத் திருத்தி, பலவற்றில் சிறையை எடுத்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்து வருஷம் வரை இருந்த சிறை போய், பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம் வந்தது. அதே வருஷம் பல்லுயிர்ச் சட்டமும் திருத்தப்பட்டது. அனுமதியில்லாமல் மூலிகை வளத்தை எடுத்துக்கொண்டு போனால் 2002 சட்டத்தில் ஐந்து வருஷம் வரை சிறை, ஜாமீன் உரிமை கிடையாது. இப்போது அதிகாரி விசாரித்து விதிக்கிற பண அபராதம். தொழில் நடத்துகிறவரைச் சிறை காட்டி மிரட்டக் கூடாது என்பது காரணம். காரணத்தில் தவறில்லை, புதுத் தண்டனைச் சட்டத்திலும் ஐயாயிரம் ரூபாய்க்கு உட்பட்ட முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால், சமூக சேவையே தண்டனை என்று வந்திருப்பதை நான் வரவேற்கிறேன். அந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் 1927 இந்திய வனச் சட்டத்தையும் கொஞ்சம் தொட்டது: காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவது, மாட்டை மேய விடுவது இரண்டுக்கும் சிறையை எடுத்துவிட்டு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், கூடவே சேதத்துக்கு ஈடு என்று ஆக்கியது. தமிழ்நாட்டில் 1927 சட்டம் செல்லாது. நமக்கு 1882 சட்டம் தனி. பாராளுமன்றம் கொடுத்த அந்தச் சலுகை தானாக மலையேறி வராது. சென்னையில் தனியாக ஒரு மசோதா வந்தால்தான் நடுவட்டத்தில் மாடு மேய்ப்பவருக்குக் கிடைக்கும். சுற்றுச்சூழல் சட்டம் மத்தியச் சட்டம் என்பதால், ஆலைக் கழிவைத் திறந்துவிடுபவருக்கு அந்தத் தாமதம் இல்லை.